லேப்ராஸ்கோபிக்குப் பிறகு வயிற்று டயாலிசிஸை எப்போது, எப்படித் தொடங்குவது?

சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்குப் பித்தப்பைக் கல் தொல்லை கொடுக்கத் தொடங்கினால் குடும்பத்தில் இரண்டு பயங்கள் சேர்ந்து வரும். அறுவை சிகிச்சையை உடம்பு தாங்குமா என்பது ஒன்று. அதற்குப் பிறகு டயாலிசிஸ் என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவமனையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி பல நேரம் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் எழுகிறது. அது அறுவைக்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பதில் சொல்பவர்களும் இரண்டு எதிர்முனைகளில் நிற்பதுண்டு. "சின்னத் துளைதானே, வீட்டுக்குப் போய் வழக்கம்போல் பை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார் ஒருவர். "வயிற்றில் கை வைத்தாயிற்று, இனி ரத்த டயாலிசிஸ்தான்" என்பார் மற்றொருவர். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டுமே பொருந்தாது. சரியான வழி இவற்றுக்கு நடுவில், படிப்படியாகப் போகிறது. அந்தப் படிகளைப் புரிந்துகொள்ள, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வயிற்றறையின் உட்சுவரையும் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. இதன் பெயர் பெரிட்டோனியம். இதை விரித்தால் ஏறக்குறைய நம் உடம்புத் தோலின் பரப்பளவு இருக்கும். அதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. வயிற்றுக்குள் சர்க்கரை கலந்த கரைசலை விட்டு நான்கைந்து மணி நேரம் வைத்திருந்தால், ரத்தத்திலுள்ள கழிவுகளும் மிகுதியான நீரும் இந்தச் சவ்வு வழியே கரைசலுக்குள் வந்து சேரும். பிறகு அதை வெளியே வடித்துவிட்டுப் புதுக் கரைசலை விட வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு 2 லிட்டர், ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை. கரைசல் போகவும் வரவும் வயிற்றில் நிரந்தரமாக ஒரு மெல்லிய சிலிக்கான் குழாய் இருக்கும். 1968இல் ஹென்றி டென்காஃப் வடிவமைத்த குழாய்தான் இன்றுவரை பெரும்பாலான நோயாளிகளின் வயிற்றில் இருப்பதற்கு முன்மாதிரி. 1976இல் அமெரிக்காவின் பாபோவிச்சும் மான்கிரீஃபும் நாள் முழுவதும் தொடர்ந்து நடக்கும் இந்த முறையை முன்வைத்தார்கள். இன்று சிஏபிடி என்று நாம் சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆகவே நகரத்து மருத்துவமனைகளிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் கேள்வி எழக்கூடும்.

லேப்ராஸ்கோபி என்ற துளைவழி அறுவை சிகிச்சையில் வயிற்றை நீளமாகக் கீறுவதில்லை. 5 மில்லிமீட்டர் முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள சில துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் உள்ளே போகின்றன. பித்தப்பையை எடுக்க வழக்கமாக நான்கு துளைகள். அவற்றில் பெரியது பெரும்பாலும் தொப்புளில் இருக்கும். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி உப்பவைப்பார்கள். அறுவை முடிந்ததும் வாயுவை வெளியேற்றிவிட்டுத் துளைகளை மூடுவார்கள். ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, எழுந்து நடப்பது சீக்கிரம், வயிற்றுக்குள் ஒட்டுத்தழும்புகள் உண்டாவதும் குறைவு. இந்தக் கடைசி நன்மை வயிற்று டயாலிசிஸ் செய்பவருக்கு மிகப் பெரியது. ஒட்டுத்தழும்புகள் வயிற்றறையைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்துவிட்டால் கரைசல் எல்லா இடத்துக்கும் பரவாது, வடியவும் வடியாது. முடிந்தபோதெல்லாம் திறந்த அறுவையைவிடத் துளைவழி அறுவையையே இவர்களுக்குத் தேர்ந்தெடுப்பதற்கு இது முக்கியமான காரணம்.

துளை சிறியது, சுவர் ஒன்றுதான்

பிளாஸ்திரியை எடுத்துப் பார்த்தால் வெளியே தெரிவது ஒரு சென்டிமீட்டர் கீறல். ஒரு வாரத்தில் தோல் ஒட்டிவிடும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவது எளிது. ஆனால் அந்தத் துளை தோலோடு நிற்கவில்லை. தோல், கொழுப்பு, தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் கெட்டியான நார் உறை, கடைசியில் பெரிட்டோனியம் என்று வயிற்றுச் சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துக்கொண்டுதான் கருவி உள்ளே போயிருக்கிறது.

இந்த அடுக்குகள் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை என்பதே இந்தக் கேள்வியின் உயிர்நாடி. பெரிட்டோனியம் வியப்பூட்டும் வேகத்தில் ஆறுகிறது. ஓரங்களிலிருந்து மட்டும் வளராமல் காயத்தின் பரப்பெங்கும் ஒரே சமயத்தில் புதுச் செல்கள் படிவதால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் உட்பூச்சு மீண்டும் உருவாகிவிடும். நார் உறை அப்படியல்ல. முதல் இரண்டு வாரங்கள் அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது தையல்தான். பழைய வலுவில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற அதற்கு மாதங்கள் ஆகும். சிறுநீரக நோயாளிக்கு இது இன்னும் மெதுவாகவே நடக்கும். ரத்தத்தில் யூரியா அதிகம், ஆல்புமின் என்ற புரதம் குறைவு, பலருக்கு நீரிழிவும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் தாமதம் மேலும் கூடும்.

இந்தச் சுவருக்குப் பின்னால் 2 லிட்டர் கரைசலை விடுகிறோம். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு அதனால் வயிற்றுக்குள் உண்டாகும் அழுத்தம் சுமார் 12 சென்டிமீட்டர் நீர்மட்டம், அதாவது அந்த உயரத்துக்கு நிற்கும் நீர் தரும் அழுத்தம். 18ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். படுத்திருக்கும்போது இது தாங்கக்கூடிய அழுத்தம்தான். எழுந்து நின்றதும் சட்டென்று உயர்கிறது. உட்கார்ந்தால் நிற்பதைவிடவும் கொஞ்சம் அதிகம். இருமினாலோ மலம் கழிக்க முக்கினாலோ ஒரு கணத்துக்குப் பல மடங்கு எகிறும். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியை மறுநாளே விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. அதே நிதானம் இங்கேயும் வேண்டும்.

அழுத்தத்துக்குத் தையல் இடம் கொடுத்துவிட்டால் இரண்டு விளைவுகள் உண்டு. கரைசல் துளை வழியே கசிந்து தோலுக்கடியில் பரவலாம் அல்லது வெளியே வரலாம். கசிவு ஈரமான பாதை; அதன் வழியே கிருமி உள்ளே போகவும் முடியும். மற்றொன்று, சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் துளை இருந்த இடத்தில் ஹெர்னியா புடைத்து வருவது. இரண்டிலும் அதிகம் கண்காணிக்க வேண்டிய இடம் தொப்புள். பெரிய துளை அங்கேதான் விழுகிறது, இயற்கையிலேயே சுவர் மெலிந்த இடமும் அதுதான். வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களில் பலருக்கு அறுவைக்கு முன்பே அங்கே சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும்.

ஆகவே "எத்தனை நாள் கழித்துத் தொடங்கலாம்?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எவ்வளவு கரைசல், எந்த நிலையில், எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படுத்தபடி ஒரு லிட்டர் என்பதும், 2 லிட்டரைச் சுமந்துகொண்டு கடைக்கு நடப்பதும் அந்தத் தையலைப் பொறுத்தவரை வேறு வேறு சுமைகள்.

அறுவைக்கு முன்பே முடிவாக வேண்டியவை

அறுவை மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் முன்கூட்டியே ஒருமுறை பேசிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதை நோயாளியின் குடும்பம் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துளைகளை எங்கே போடுவது, குழாய் வெளியே வரும் இடத்திலிருந்து அவற்றை எவ்வளவு தள்ளி வைப்பது என்பது முதல் விஷயம். அடுத்தது தையல். சாதாரணமாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளில்தான் நார் உறையைத் தனியாகத் தைப்பார்கள். 5 மில்லிமீட்டர் துளையில் தோலை மட்டும் மூடிவிடுவது வழக்கம். வயிற்று டயாலிசிஸ் செய்பவருக்கு எல்லாத் துளைகளிலும் நார் உறையைத் தைத்துவிடுவது நல்லது என்று இத்துறையில் அனுபவமுள்ள பலரும் சொல்கிறார்கள். சில நிமிட வேலைதான். அதனால் கிடைக்கும் நிம்மதி பல வாரங்களுக்கானது. தொப்புளில் ஏற்கெனவே ஹெர்னியா இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம்.

அறுவைக்கு முந்தைய ஒன்றிரண்டு நாள்களில் டயாலிசிஸைச் சற்றுக் கூட்டி, உடம்பில் மிகுதியான நீரையும் பொட்டாசியத்தையும் குறைத்து வைப்பதுண்டு. அறுவை நாளன்று கரைசலை முழுவதும் வடித்து வயிற்றைக் காலியாக்கி, குழாயின் முனையை மூடியிட்டு, கிருமி புகாதபடி சுற்றி வைப்பார்கள். குழாயை எடுத்துவிட வேண்டிய அவசியம் பெரும்பாலான அறுவைகளில் இல்லை.

இன்னொரு கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியமானது: நோயாளிக்குச் சிறுநீர் எவ்வளவு போகிறது? டயாலிசிஸ் செய்தாலும் நாளொன்றுக்கு அரை லிட்டரோ ஒரு லிட்டரோ சிறுநீர் கழிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களின் சிறுநீரகம் கொஞ்சமேனும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் உணவில் கட்டுப்பாட்டோடு இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் சில நாள்கள் டயாலிசிஸ் இல்லாமலேயே சமாளித்துவிட முடியும். வயிற்றுக்கு அந்த ஓய்வு கிடைக்கிறது. சிறுநீரே போகாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்குச் சீக்கிரமே குறைந்த அளவில் வயிற்று டயாலிசிஸைத் தொடங்க வேண்டும், அல்லது இடைக்காலத்துக்கு ரத்த டயாலிசிஸ் வேண்டும்.

ரத்த டயாலிசிஸ் என்றால் கழுத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயில் தற்காலிகக் குழாய் போட வேண்டியிருக்கும். அதற்கு அதற்கான ஆபத்துகள் உண்டு. ரத்தத்தில் கிருமித்தொற்று வரலாம். நான்கு மணி நேரத்தில் நிறைய நீரை இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து, மிச்சமிருக்கும் சிறுநீரும் குறைந்துபோகலாம். தேவைப்பட்டால் அது உயிர்காக்கும் சிகிச்சை; அதில் ஐயமில்லை. தேவை இல்லாத இடத்தில், யாருக்கும் வயிற்று டயாலிசிஸ் பழக்கமில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு மாற்றுவதுதான் வருத்தமானது. அப்படி மாறிய சிலர் திரும்பி வருவதே இல்லை.

முதல் நாள்கள்

அறுவை முடிந்ததும் வயிற்றுக்குள் கொஞ்சம் ரத்தமும் கொஞ்சம் வாயுவும் மிஞ்சியிருக்கும். ரத்தம் உறைந்தால் குழாயின் பக்கவாட்டுத் துளைகள் அடைத்துக்கொள்ளும். எனவே டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே குழாயை அலசிவிடுவது வழக்கம். சுமார் அரை லிட்டர் கரைசலை உள்ளே விட்டு, தேங்கவைக்காமல் உடனே வடிப்பார்கள். முதலில் இளஞ்சிவப்பாக வரும், போகப்போகத் தெளியும். ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதம் வெள்ளை நூல்போல மிதந்தால், உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் மருந்தைக் கரைசலில் சேர்ப்பார்கள். வயிற்றுக்குள் விடும் ஹெபாரின் ரத்தத்தில் கலந்து அறுவைக் காயத்தில் ரத்தக்கசிவை உண்டாக்குவதில்லை. டயாலிசிஸ் சில வாரம் நிறுத்தி வைக்கப்பட்டாலும் இந்த அலசல் மட்டும் அவ்வப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் போய் நிற்பதால் ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்கலாம். வயிற்று அறுவைக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று வீட்டில் பலரும் கலங்கிப்போகிறார்கள். அந்த வலி தானாகவே போய்விடும்.

பிறகு டயாலிசிஸ். எந்த நாளில் என்பதில் உலகம் முழுவதற்கும் ஒரே விதி இல்லை. அறுவை முடிந்த மறுநாளே குறைந்த அளவில் தொடங்கி நல்ல பலன் கண்ட மருத்துவமனைகள் இருக்கின்றன. இரண்டு முதல் நான்கு வாரம், சில இடங்களில் ஆறு வாரம்வரை காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸ் குழாயைப் புதிதாகப் பொருத்தும்போது இரண்டு வாரம் ஆறவிடுவதும், அவசரமென்றால் படுத்த நிலையில் குறைந்த அளவில் உடனே தொடங்குவதும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அதே தர்க்கம்தான் இங்கேயும் செயல்படுகிறது.

சிக்கலில்லாத பித்தப்பை அறுவைக்குப் பிறகு, வழக்கமாக 2 லிட்டர் விடும் ஒருவருக்கு ஒரு மருத்துவர் இப்படித் திட்டம் போடக்கூடும்: சில நாள் ஓய்வு. பிறகு முதல் ஒன்றிரண்டு வாரம் ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவாக, படுத்தபடி மட்டும். எழுந்து நடமாடும் நேரத்தில் வயிறு காலி. அடுத்து ஒன்றரை லிட்டர், அப்போதும் படுத்தே. கசிவில்லை என்றால் 2 லிட்டர். எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரும்பாலும் நான்கு வாரத்தை ஒட்டி, பகலில் கரைசலோடு நடமாடுவது. இதை ஒரு மாதிரியாக மட்டும் கொள்ளுங்கள். உங்களுக்கான அளவும் நாளும் உங்கள் மருத்துவர் எழுதித் தருபவைதான். அவற்றை எழுதியே வாங்குங்கள். வாய்வழியாகச் சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் மாறிவிடும்.

சைக்ளர் இயந்திரம் இருந்தால் இந்தக் காலம் எளிது. இரவு தூங்கும்போது சிறிய அளவுகளைப் பலமுறை விட்டு எடுத்து, காலையில் வயிற்றைக் காலியாக விட்டுவிடும். இயந்திரம் இல்லாவிட்டால் கையாலேயே செய்யலாம். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, படுத்தபடி, குறைந்த அளவு. இதற்கு வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நோயாளி தானே எழுந்து பையை மாற்றத் தொடங்கினால் படுக்கவைத்ததற்கே பொருளில்லாமல் போகும்.

வீட்டில் இருப்பதோ 2 லிட்டர் பை. விட வேண்டியதோ ஒரு லிட்டர். பையைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பாதி என்று நிறுத்துவது சரியல்ல. சிஏபிடி வீடுகளில் வழக்கமாக இருக்கும் கொக்கித் தராசே இதற்குப் போதும். பையைத் தராசில் மாட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கரைசலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கிளாம்பைத் திறந்து கரைசல் இறங்கும்போது முள்ளைக் கவனியுங்கள். தொடங்கிய எடையிலிருந்து ஒரு கிலோ குறைந்ததும் கிளாம்பை மூடிவிடுங்கள். மிச்சக் கரைசலை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது. திறந்த பை கிருமிக்குத் திறந்த வீடு. மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

இதில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே விட்ட ஒரு லிட்டர் ஒரு லிட்டராகவே இருக்காது. சர்க்கரை அடர்த்தி கூடிய 4.25 சதவீதப் பை உடம்பிலிருந்து நிறைய நீரை வயிற்றறைக்குள் இழுக்கும். நீர் இழுக்கப்பட வேண்டும் என்றுதான் அந்தப் பையை விடுகிறோம். ஆனால் வடிக்கும்வரை அந்த நீர் முழுவதும் வயிற்றுக்குள்தான் நிற்கும். அளவைக் குறைத்துவிட்டு, கடுமையான பையை நீண்ட நேரம் வைத்திருந்தால் குறைத்த பயன் ஓரளவு வீணாகிறது. ஓய்வுக் காலத்தில் நீர் சேராமலிருக்க உப்பையும் தண்ணீரையும் குறைப்பதே நல்ல வழி. தினமும் காலையில் வயிறு காலியாக இருக்கும்போது எடை, ரத்த அழுத்தம், கணுக்கால் வீக்கம் மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள்.

எல்லா அறுவையும் பித்தப்பை அறுவை ஆகாது. சிறுநீரகத்தை முதுகுப் பக்கமாக, பெரிட்டோனியத்தைத் திறக்காமலேயே எடுத்திருந்தால் சீக்கிரம் தொடங்க வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பையை எடுத்திருந்தால் பிறப்புறுப்பின் மேல்முனையில் போட்ட தையல் வழியாகவும் கரைசல் கசியலாம் என்பதால் பொறுமை கூடுதலாக வேண்டும். குடல்வால் வெடித்து வயிற்றில் சீழ் பரவியிருந்தாலோ குடலை வெட்டித் தைத்திருந்தாலோ கணக்கே வேறு. அங்கே குழாயை எடுத்துவிட்டு, தொற்று தீர்ந்தபின் புதுக் குழாய் போட வேண்டிவரலாம்.

கசிவையும் தொற்றையும் கண்டுகொள்வது

பிளாஸ்திரி நனைந்திருப்பது மட்டுமே கசிவின் அடையாளம் அல்ல. விட்டதைவிடக் குறைவாக வடிகிறது, எடை ஏறுகிறது, வயிற்றின் ஒரு பக்கத் தோல் மட்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் கரைசல் சுவருக்குள் இறங்குகிறது என்று ஐயப்பட வேண்டும். ஆண்களுக்கு விதைப்பையும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் இதழ்களும் வீங்கலாம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுபவர்கள் பலர். தயவுசெய்து சொல்லுங்கள். மூச்சு வாங்கினால், அதுவும் கரைசல் உள்ளே இருக்கும்போது அதிகமாக வாங்கினால், கரைசல் உதரவிதானத்தைக் கடந்து நெஞ்சறைக்குள், பெரும்பாலும் வலப்பக்கம், போயிருக்கக்கூடும். அப்போது உடனே வயிற்றை வடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காயத்தில் தெளிந்த நீர் கசிகிறது; அது டயாலிசிஸ் கரைசலா, காயத்தின் நிணநீரா என்று கண்ணால் சொல்ல முடியாது. செவிலியர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையின் முனையை அந்த ஈரத்தில் தொடுவார்கள். டயாலிசிஸ் கரைசலில் சர்க்கரை மிக அதிகம் என்பதால் பட்டையின் நிறம் சில நொடிகளில் அடர்ந்துவிடும். நிணநீர் என்றால் அந்த அளவுக்கு ஏறாது. கசிவு உறுதியானால் செய்ய வேண்டியது வடித்துவிட்டு ஓய்வு கொடுப்பதுதான். பல கசிவுகள் ஓய்விலேயே அடைபட்டுவிடுகின்றன. கசிவோடு பையைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டிருப்பது தொற்றை அழைத்து வரும்.

தொற்றின் முதல் அடையாளம் வடியும் திரவம் கலங்குவது. வடிந்த பைக்கு அடியில் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்து எழுத்தைப் பாருங்கள். எழுத்து மங்கினால் திரவம் கலங்கியிருக்கிறது. வயிற்றுவலி, காய்ச்சல் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அறுவைக்குப் பிறகு வயிற்றுவலி இயல்பு என்று நினைத்துத் தள்ளிப்போட வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஒரு மைக்ரோ லிட்டரில் வெள்ளணுக்கள் 100க்கு மேல் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகையாக இருந்தால் பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றுச் சவ்வில் தொற்று, என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். அறுவைக்காக ஆன்டிபயாட்டிக் மருந்து பல நாள் கொடுக்கப்பட்டால், பூஞ்சைத் தொற்றைத் தடுக்கும் மருந்தும் சேர வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்று டயாலிசிஸில் பூஞ்சைத் தொற்று வந்தால் குழாயையே இழக்க நேரும்.

சாப்பாடு, மருந்து, கழிப்பறை

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொட்டாசியம் பெரும்பாலும் பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை. வழக்கமான கரைசலில் பொட்டாசியமே கிடையாது. நாள் முழுவதும் அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சிலருக்குக் குறைந்துபோய், வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடச் சொல்வதும் உண்டு. டயாலிசிஸ் நிற்கும் நாள்களில் இது தலைகீழாகிறது. வழக்கம்போல் சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். இந்த நேரத்தில்தான் உறவினர்கள் இளநீரும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். அன்போடு வருவதை மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் டயாலிசிஸ் முழு அளவுக்குத் திரும்பும்வரை இவை வேண்டாம் என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறோர் ஆபத்து. 2.5 சதவீத 2 லிட்டர் பையில் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் இன்சுலின் அளவு தீர்மானிக்கப்பட்டிருக்கும். பை நின்றதும் அந்தச் சர்க்கரை நின்றுவிடும். பழைய அளவில் இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். ஓய்வுக் காலத்துக்கான இன்சுலின் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். படிப்படியாக டயாலிசிஸ் கூடும்போது அதையும் மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எதுவானாலும் உங்கள் உணவு ஆலோசகர் சொன்ன அளவில் குறையாமல் சாப்பிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரகத் திறனைக் கெடுக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது. மார்ஃபின் வகை மருந்துகள் சிறுநீரக நோயாளியின் உடம்பில் தேங்கும், மலச்சிக்கலையும் கொண்டுவரும்.

மலச்சிக்கலைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். நிரம்பிய குடல் குழாயை நெருக்கி வடிதலைத் தடுக்கும். முக்குவதால் ஏறும் அழுத்தம் நேராகத் தையலில் போய் விழும். லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை அறுவை நாளிலிருந்தே கேட்டு வாங்கலாம். மக்னீசியமும் பாஸ்பேட்டும் உள்ள மலமிளக்கிகள் இவர்களுக்கு ஆகாது. குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதில் சில வாரம் மேற்கத்தியக் கழிப்பறையைப் பயன்படுத்த முடிந்தால் நல்லது. போகும்போது வயிறு காலியாக இருக்கட்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். டயாலிசிஸ் பைகள் வரும் அட்டைப்பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதை நோயாளி தூக்கவே கூடாது, நகர்த்தவும் கூடாது.

முழு அளவுக்குத் திரும்பி, கசிவில்லாமல், விட்டதும் வடிவதும் சரியாக இருந்தால், கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டிருப்பவர்கள் அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைத்த கழுத்துக் குழாயிலிருந்து ரத்தத்தில் தொற்று ஏறுவது உண்டு. அதன் பிறகு ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரையும் வடிந்த திரவத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்து, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தொப்புளையும் மற்றத் துளைத் தழும்புகளையும் ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் நின்றபடி, ஒருமுறை இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது தெரியாத ஹெர்னியா அப்போது தெரிந்துவிடும்.